"பார்க்கலாம்" என்றால் எதுவரைக்கும்?

பாப்பாவுக்குப் பதின்மூன்று மாதம் முடிந்தும் நடக்கவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்வாள், கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். எதிர்வீட்டுப் பையன் பத்தாவது மாதத்திலேயே தெருவுக்கு ஓடி வந்தவன். போதாதா? அத்தை எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடச் சொன்னார். அம்மா ஒரு வாக்கரே வாங்கி அனுப்பிவிட்டார். நான் ராத்திரி ஒரு மணிக்கு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்த அறிகுறி இருந்தால் உஷார்" என்று ஆரம்பிப்பார்கள், முடிவில் ஒரு பவுடர் டப்பா வரும்.

டாக்டரிடமும் போனேன். குழந்தையைத் தரையில் இறக்கிக்கூடப் பார்க்காமல் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

எடை போட அங்கன்வாடிக்குப் போனபோது டீச்சரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் பாப்பாவைப் பாயில் விட்டு, நாற்காலி மேல் ஒரு கிலுகிலுப்பையை வைத்தார். தவழ்ந்து போனாள், நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்தாள், எடுத்தாள், பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிச் சிரித்தாள். "பதினெட்டு மாசம் வரைக்கும் பார்க்கலாம்மா. அதுக்குள்ள நடக்கலைன்னா இங்க வா, டாக்டர் டீம் வரும்போது காட்டிடலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, குழந்தை தனியாக நடக்கத் தொடங்குவது 8 மாதத்திலிருந்து 17½ மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். டீச்சர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

"பார்க்கலாம்" என்று சொந்தக்காரர்களும்தான் சொல்கிறார்கள். என் நாத்தனார் மகன் இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை. "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்றே ஒரு வருடம் ஓட்டிவிட்டார்கள். காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டீச்சர் சொன்ன "பார்க்கலாம்" வேறு. அதில் ஒரு தேதி இருந்தது, தேதி தாண்டினால் எங்கே போவது என்பதும் இருந்தது. இப்போதெல்லாம் யார் என்ன ஆலோசனை சொன்னாலும் அந்த இரண்டும் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். (தெரிந்த வார்த்தையை, செய்துகொண்டிருந்த வேலையைக் குழந்தை திடீரென்று விட்டுவிட்டால் மட்டும் தேதிக்குக் காத்திருக்கக் கூடாதாம். அதுவும் அவர் சொன்னதுதான்.)

அத்தையைக் குறை சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்து நீவுவதால் கெடுதல் ஒன்றுமில்லை, பாப்பாவும் சுகமாகத் தூங்கினாள். ஆனால் பிறந்தன்று அவர் சேனை வைக்கத் தேனோடு வந்தபோது சண்டை போட்டுத்தான் தடுத்தேன். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் அபாயம் உண்டு. அந்தக் கோபம் அத்தைக்கு இன்னும் முழுசாகத் தணியவில்லை.

பாப்பா பதினைந்தாவது மாதம் நடந்தாள், அடுப்படியிலிருந்து நேராகச் செருப்பு ஸ்டாண்டுக்கு. வாக்கர் பரணில் கிடக்கிறது. கனடாவில் 2004இலேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். தம்பி தன் பையனுக்குக் கேட்டான், கொடுக்கவில்லை. அம்மா இரண்டு நாள் பேசவில்லை.