செகண்ட்ஸ் மாஸ்க்கு

(2020 தீபாவளிக்கு முந்தின வாரம். திருப்பூர் அவிநாசி ரோட்டோரம் கட்டில் போட்டு ஒரு கடை. பனியன் துணி மாஸ்க், ஒண்ணு 20 ரூபாய். பெரியவர் மூணாவது மாஸ்க்கைக் கழற்றித் திரும்பக் குவியலிலேயே போடுகிறார்.)

பெரியவர்: இதும் லூசு அம்மிணி. தாடையில நிக்க மாட்டீங்குது, நழுவுது.

கடைக்காரம்மா: தாடைக்கு அளவெடுத்துத் தெக்கிலீங்க. மூக்குக்குத் தெச்சதுங்க.

பெரியவர்: மூக்கையும் மூடுனா மூச்சு எப்பிடி உடறது? வாய மூடுனாப் பத்தாதா?

கடைக்காரம்மா: பத்துமுங்க. தும்மல் வந்தா காதுல தும்மிக்குங்க.

(அவர் நாலாவதை மாட்டி, பக்கத்தில் நிறுத்தியிருந்த யாரோ ஒருத்தர் பைக் மிரரில் முகம் பார்க்கிறார். பிறகு மாஸ்க்குக்குள்ளேயே பலமாக ஊதிப் பார்க்கிறார்.)

கடைக்காரம்மா: ஏனுங்க, போட்டுப் பாக்காதீங்கன்னு அட்டையில எழுதித் தொங்க உட்டிருக்கறனல்லங்க.

பெரியவர்: அதென்ன நாயம்? போட்டுப் பாக்காம ஒரு பொருள எப்பிடி வாங்கறது?

கடைக்காரம்மா: ஜட்டியும் இந்த ஊர்லதானுங்க தெக்கறாங்க. அத ரோட்டுல நின்னு போட்டுப் பாத்தா வாங்குனீங்க?

பெரியவர்: அதுல... சைசு அச்சடிச்சிருக்கும்.



பெரியவர்: (ஓரமாகக் கிடந்த மாஸ்க் பையைக் காட்டி) அது கெடக்கட்டும். அந்தப் பையில இருக்கறது என்ன வெல?

கடைக்காரம்மா: அது விக்கறதுக்கில்லீங்க.

பெரியவர்: எங்கிட்டயேவா? பழுதுன்னு கழிச்சுப்போட்ட செகண்ட்ஸ்தான அது! காதர்பேட்டை பனியன் கடைகள்ல நான் எடுக்காத செகண்ட்ஸா? பாதி ரேட்டுக்குப் போடு.

கடைக்காரம்மா: செகண்ட்ஸ் இல்லீங்க.

பெரியவர்: தையல் கோணையா?

கடைக்காரம்மா: நேராத்தான் இருக்குதுங்க.

பெரியவர்: ஓட்டையா?

கடைக்காரம்மா: இல்லீங்க.

பெரியவர்: சாயம் போனதா?

கடைக்காரம்மா: சாயமெல்லாம் போகலீங்க. காலையில இருந்து உங்களாட்டம் வந்தவிக போட்டுப் பாத்துட்டுப் போட்டுட்டுப் போனதுங்க.

பெரியவர்: (பைக்குள் விட்ட கையை வெடுக்கென்று இழுத்து) சீ! கண்டவன் வாயில வெச்சதா! மொதல்லயே சொல்றதில்ல? சானிடைசரக் குடு மொதல்ல!

கடைக்காரம்மா: ஊத்தறனுங்க. நீங்க குமிச்சு வெச்சிருக்கறத அடுத்தவிக எப்பிடிங்க போடுவாங்க?

பெரியவர்: எனக்கென்ன சீக்கா?

கடைக்காரம்மா: அந்தப் பையில இருக்கற அத்தன பேரும் அதத்தானுங்க சொன்னாங்க. காச்சல் காட்டறதுக்கு ரெண்டு நாள் முந்தியே அடுத்தவிகளுக்கு ஒட்டுதாமுங்க. சில பேருக்குக் காட்டறதே இல்ல.

பெரியவர்: எங்க அப்பாரு காலத்துல கோயமுத்தூரையே பிளேக்கு போட்டு வாட்டுச்சு. முகமூடியா போட்டாங்க? பிளேக் மாரியம்மனக் கும்புட்டாங்க, போச்சு.

கடைக்காரம்மா: கும்புட்டாங்கதானுங்க. ஊட்டப் பூட்டிப்போட்டு, ஊரக் காலி பண்ணீட்டுப் போயி காட்டுல குடிசை போட்டும் கெடந்தாங்க. நீங்க குடிசைக்குப் போறீங்களா, மூக்க மூடறீங்களா?

பெரியவர்: மூக்கு, மூக்கு, மூக்கு! அம்மிணி, போடாமப் போனா 200 ரூபா பைன். அதுக்குத்தான் இது. போலீசு தூரத்துல இருந்து பாத்தா தாடையில இருந்தாலே தெரியும்.

கடைக்காரம்மா: வைரசு தூரத்துல இருந்து பாக்கறதில்லீங்க.

பெரியவர்: இத்தன வெவரம் பேசறவ கம்பெனிக்குப் போகாம ரோட்டுல ஏன் ஒக்காந்திருக்கற? தீவாளி போனசு நேரம் வேற.

கடைக்காரம்மா: போனனுங்க. வாசல்ல துப்பாக்கியாட்டம் ஒண்ண நெத்தியில வெச்சு காச்சல் பாப்பாங்க. கையில சானிடைசரு அடிப்பாங்க. ஆறடிக்கு ஒண்ணா தரையில வட்டம் போட்டு, அதுக்குள்ள நிக்க வெச்சு போட்டோ எடுப்பாங்க. ராத்திரி ஒன்றரை ஷிப்டு முடிஞ்சா, அதே ஆளுகள ஒரே வேன்ல இருவத்தஞ்சு பேராத் திணிச்சு, மழைன்னு சன்னலையும் சாத்தி அனுப்புவாங்க. வேனுக்குள்ள யாருங்க போட்டோ எடுக்கறா? காச்சல்னு லீவு கேட்டா அன்னைக்குச் சம்பளம் கெடையாது. அப்பறம் எவ காச்சல்னு வாயத் தொறப்பா? ஒரு பாரசிட்டமாலப் போட்டுட்டு வந்து துப்பாக்கிக்கு நெத்தியக் காட்டுவா.

பெரியவர்: ...

கடைக்காரம்மா: என்னங்க?

பெரியவர்: ஒண்ணுமில்ல. சேரி, இதுக்கு எவ்வளவு?

கடைக்காரம்மா: 80 ரூபாங்க.

பெரியவர்: ஏம்மா, ஒண்ணு இருவதுன்னல்ல சொன்ன!

கடைக்காரம்மா: ஒண்ணு இருவதுதானுங்க. நீங்க எச்சி பண்ணுனது நாலு.

பெரியவர்: வாங்காததுக்கெல்லாம் காசா?

கடைக்காரம்மா: மூணு அடுக்குத் துணி, எலாஸ்டிக்கு, ஓவர்லாக்கு அடிச்ச கூலி, எல்லாம் எங்கைக்காசுங்க. இல்லீன்னா அந்தப் பையிலதான் போடோணும்.

பெரியவர்: (எண்ணிப் பார்த்து, நாலையும் சட்டைப்பையில் திணித்து) சேரி உடு. நாலு எடுக்கறனல்ல, ஹோல்சேல் ரேட்டுப் போடு.

கடைக்காரம்மா: டஜன் எடுத்தாத்தானுங்க ஹோல்சேலு.

பெரியவர்: அப்பிடின்னா இரு. (பைக் மிரரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு) இன்னொரு எட்டப் போட்டுப் பாத்தர்றன்.