தெருவுக்கு வந்து சொல்லுங்கள்

2024 மார்ச் 2ஆம் தேதி புதுச்சேரி முத்தியால்பேட்டையில், வீட்டுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த 9 வயதுப் பெண் குழந்தை காணாமல் போனாள். மார்ச் 5ஆம் தேதி, வீட்டுக்கு அருகிலேயே ஒரு கழிவுநீர் வாய்க்காலில் அவள் உடல் கிடைத்தது. அப்புறம் கைது நடந்தது. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தார்கள். அந்தக் காவல் நிலையத்தில் இருந்தவர்களைக் கூண்டோடு மாற்றினார்கள். 8ஆம் தேதி ஊரே கடையடைத்தது.

இவ்வளவும் நடந்தது உடல் கிடைத்த பிறகு. எனக்கு ஆறாமல் இருப்பது அதற்கு முந்தைய மூன்று நாள். குழந்தையைக் காணோம் என்று ஒரு தெருவே தவிக்கும்போது போலீஸ் அந்தத் தெருவோடு எப்படிப் பேச வேண்டும்? இதைப் பற்றி நம் ஊரில் யாரும் உட்கார்ந்து யோசித்ததாகவே தெரியவில்லை. “விசாரணை நடந்துவருகிறது, பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம், வதந்திகளை நம்ப வேண்டாம்” என்று ஒரு அறிக்கை வரும். பெற்ற வயிறு பற்றி எரியும்போது இதைப் படித்து யாருக்குப் பயம் போகும்?

முதல் ஆறுதல் காவல் நிலைய வாசலிலேயே தொடங்க வேண்டும். காணாமல் போன குழந்தை பற்றிப் புகார் வந்தால் உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், வேறு மாதிரி என்று நிரூபணமாகும் வரை கடத்தல் என்றே வைத்துத் தேட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் நொய்டாவின் நிட்டாரியில் குழந்தை குழந்தையாகக் காணாமல் போனபோது, ஏழைப் பெற்றோரின் புகாரைக் கண்டுகொள்ளாமல் விட்டதன் விலை என்ன என்று 2006 டிசம்பரில், அந்தக் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தபோது, நாடே பார்த்தது. இத்தனைக்குப் பிறகும் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, “சொந்தக்காரங்க வீட்ல தேடிட்டு வாங்க” என்று அனுப்புகிற நிலையங்கள் இருக்கின்றன.

எங்கள் பகுதியில் ஒரு பையனைக் காணோம் என்று போனவர்களுக்கு இதே பதில்தான் கிடைத்தது. அவன் அப்பா ஜெராக்ஸ் கடையில் மகன் படத்தைப் பெரிதாக்கி, ஆட்டோ ஸ்டாண்டிலும் ஈ.பி. பெட்டியிலும் தானே பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். பையன் ராத்திரியே கிடைத்துவிட்டான். ஆனால் அந்த மனிதர் தனியாகப் பசை தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்த தெரு, நமக்கு ஒன்று என்றால் யாரும் வர மாட்டார்கள் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டது. நூறு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாலும் அதை மாற்றுவது கஷ்டம்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. காணாமல் போன அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டர் தெருவுக்கு வரட்டும். தினமும் இத்தனை மணிக்கு இதே கோயில் வாசலில் நிற்பேன் என்று சொல்லட்டும். புதிதாகத் தகவல் இல்லாத நாளிலும் வந்து நிற்கட்டும். எந்தெந்தத் தெருவின் கேமரா பதிவைப் பார்த்தாகிவிட்டது, எந்தக் கேமரா வேலை செய்யவில்லை, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, பூட்டிய வீடு, வாய்க்கால் மூடி எல்லாம் திறந்து பார்த்தாகிவிட்டதா என்று சொல்லட்டும். “இது இன்னும் தெரியவில்லை”, “இதைச் சொன்னால் வழக்கு கெடும்” என்று சொன்னாலும் மக்கள் புரிந்துகொள்வார்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் இரண்டு காவலர் நின்றாலே பாதி அம்மாக்களுக்கு மூச்சு வரும். குழந்தையின் அம்மாவிடம் பேச ஒரே ஒரு அதிகாரி, முடிந்தால் பெண் அதிகாரி, கடைசி வரை இருக்கட்டும். ஆள் மாற மாற அவர் முதலிலிருந்து அழுதுகொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிப் பேசாமல் விட்டால் அந்த இடத்தில் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2018 மே மாதம், போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்தார். அங்கே காணாமல் போன குழந்தை என்று யாருமே இல்லை, வெறும் வதந்தி. உண்மையிலேயே ஒரு குழந்தை காணாமல் போயிருக்கும் ஊரில் அந்த வெறி எவ்வளவு சீக்கிரம் பற்றும்! போர்வை விற்க வருகிற வடமாநிலத்துப் பையனும், திருநங்கையும், மனநிலை சரியில்லாமல் தெருவில் திரிகிறவரும்தான் முதலில் அடி வாங்குவார்கள். அதனால் யாரையாவது சந்தேகத்தில் அழைத்துப் போய் விசாரித்துவிட்டு அனுப்பினால், “இவருக்கு இதில் சம்பந்தமில்லை” என்று அதே கோயில் வாசலில் நின்று போலீஸ் சொல்லியாக வேண்டும்.

குழந்தை கிடைத்துவிட்டால் அதையும் வந்து சொல்ல வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வழக்கு என்றால் குழந்தையின் பெயர், படம், வீடு, பள்ளி எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. நாம் பதறிப்போய் அனுப்பிய படமோ வருடக்கணக்கில் சுற்றுகிறது. “கிடைத்துவிட்டது, படத்தை அழித்துவிடுங்கள்” என்று போலீஸே ஒரு செய்தி அனுப்பலாம்.

கிடைக்கவில்லை என்றால்? நான்கு மாதத்துக்குள் கண்டுபிடிக்க முடியாத வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பதும் விதி. பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியாது. அந்தத் தேதி எது, அதற்குப் பிறகு எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதி, இன்ஸ்பெக்டரே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கொடுக்க வேண்டும்.