நோட்டை மூடாமல் கம்ப்யூட்டரைத் திறந்தால்

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு, வார்டு, லேப், மருந்து எல்லாவற்றையும் சேர்க்கும் ‘ஒருங்கிணைந்த’ கம்ப்யூட்டர் முறை வந்தும் வரிசை குறையலையே என்று கேட்பவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 8 முதல் 12 வரை ஓ.பி. வருவது 1,000 பேர், சீட்டு போட 4 கவுண்டர் என்றால் ஆளுக்கு சுமார் 58 விநாடி. அதற்குள் பெயர், வயது, அப்பா அல்லது கணவர் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் தட்டி, சீட்டும் அச்சாகி வந்துவிட வேண்டும். பழைய எண்ணைத் தேட எங்கே நேரம்? புதுசு என்று போட்டுவிடுவார்கள். போன மாதம் ‘எஸ்’ போட்டு எழுதிய செல்வி, இந்த மாதம் ‘சி.எச்.’ போட்டு எழுதினால் வேறு ஆள். வீட்டுக்கே ஒரு போன் என்பதால் நம்பரை வைத்தும் பிரிக்க முடியாது. ஆளுக்கு ஒன்றாகத் தரும் 14 இலக்க ஆபா உடல்நல எண்ணும், போனில் ஸ்கேன் செய்து வாங்கும் க்யூஆர் டோக்கனும் இதற்குத்தான் வந்தன. ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு அந்த டோக்கன் எட்டாக்கனி.

ஆனால் நான் பெரிய வில்லன் என்று சொல்வது வார்டில் இருக்கும் ரெஜிஸ்டரை. ஸ்டாஃப் நர்ஸ் அட்மிஷன் ரெஜிஸ்டர், மருந்து கேட்டு எழுதும் இண்டென்ட் நோட்டு, ரிப்போர்ட் புக் எல்லாம் எழுதி முடித்து, அதையே மறுபடி திரையில் ஏற்ற வேண்டும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில்தான் மொத்தமாக ஏறும். 11 மணிக்குப் போட்ட ஊசி 1.50க்குப் போட்டதாகப் பதிவாகும். நோட்டை நிறுத்தவும் பயம். ஆடிட்டுக்கு வருபவர் கையெழுத்துள்ள நோட்டைத்தான் கேட்பார், விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பி நாளை கோர்ட்டுக்குப் போக வேண்டியது. எந்த ரெஜிஸ்டர் எந்தத் தேதியோடு நிற்கிறது என்று எழுத்தில் உத்தரவு வராதவரை எந்த நர்ஸும் அதை மூட மாட்டார். மூடச் சொல்வதும் நியாயமில்லை.

‘ஒருங்கிணைந்த’ என்ற சொல்லுக்கு உண்மையான பரீட்சை லேபில்தான். ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுண்டர் மெஷின் ஒரு ரத்த மாதிரிக்கு இருபது மதிப்புகள் போல கொடுக்கும். அந்த மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்கவில்லை என்றால் டெக்னீஷியன் ஒவ்வொன்றாகத் தட்டுவார், 8.2 என்ற ஹீமோகுளோபின் 2.8 ஆகிவிட ஒரு கை தவறினால் போதும். மெஷின் ரீஏஜென்ட், அதாவது பரிசோதனை ரசாயனம், வாங்கும் ஒப்பந்தத்தோடு வந்திருக்கும், இணைப்புச் செலவு யார் டெண்டரிலும் இருக்காது. இணைத்த பிறகும் வம்பு உண்டு. பார்கோடு ஸ்டிக்கரை டியூபின் நீளவாக்கில், சுருக்கம் இல்லாமல் ஒட்ட வேண்டும். குறுக்கே சுற்றி ஒட்டினால் ஸ்கேனர் படிக்காது. ஒட்டுகிற ஆளுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

மருந்து ஜன்னலில் வேறு கதை. டாக்டர் 30 நாளுக்கு எழுதுவார், இருப்பைப் பார்த்து 10 நாளுக்குக் கொடுப்பார்கள், திரையில் 30 நாள் மாத்திரை கழிந்திருக்கும். மாதக் கடைசியில் இருப்பு இடிக்கும். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் டி.என்.எம்.எஸ்.சி. 1990களிலேயே கிடங்குக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டியதே என்பார்கள். அங்கே பெட்டிக் கணக்கு, சில கைகள். இங்கே அட்டைக் கணக்கு, நூறு கைகள்.

இது போதாதென்று கர்ப்பிணிக்கு பிக்மி, காசநோய்க்கு நிக்ஷய், காப்பீட்டுக்கு இன்னொரு தளம். ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு. பயிற்சி டாக்டரான ஹவுஸ் சர்ஜன் சீனியரின் பாஸ்வேர்டில் பதிவு செய்வதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தனி லாகின் கொடுங்கள்.

காகிதமே கூடாது என்கிறேனா? இல்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர் ரான்சம்வேர் என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸில் முடங்கியபோது நாள்கணக்கில் கையால் எழுதித்தான் ஓட்டினார்கள். வார்டுக்கு ஒரு கட்டு வெற்றுப் படிவம் பீரோவில் இருக்கட்டும், சர்வர் படுத்தால் மட்டும் எடுக்க. யூபிஎஸ் பேட்டரியும் இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். தியேட்டருக்கும் ஐசியூவுக்கும் ஜெனரேட்டர் லைன் போகும், சீட்டு கவுண்டருக்குப் பல இடங்களில் போகாது. ஐந்து வருடத்துக்கான பேட்டரி, டோனர், சீட்டு ரோல் எல்லாவற்றையும் முதல் டெண்டரிலேயே சேர்த்துப் போடுங்கள், சாமி.