நினைவிருக்கிறதா என்று கேட்கிற ஒரு ஆல்பம்

ஜமைக்காவின் ரெகே இசை என்றதும் நம்மில் பலருக்குக் கடற்கரையும், மூன்று நிறத் தொப்பியும், பாப் மார்லி படம் போட்ட டி-சர்ட்டும்தான் நினைவுக்கு வரும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. பர்னிங் ஸ்பியரின் "மார்க்கஸ் கார்வி" ஆல்பத்தை ஒரு ராத்திரி முழுதாக உட்கார்ந்து கேட்டேன், அதோடு அந்த நினைப்பு போயிற்று. இந்த இசையை ஓடவிட்டுக்கொண்டு வேறு வேலை பார்க்க இப்போது என்னால் முடிவதில்லை.

1975 டிசம்பரில் வந்தது. மொத்தம் பத்துப் பாட்டு. பர்னிங் ஸ்பியர் என்றால் வின்ஸ்டன் ராட்னி, கூடப் பாடுகிறவர்கள் ரூபர்ட் வில்லிங்டனும் டெல்ராய் ஹைண்ட்ஸும். 'எரியும் ஈட்டி' என்ற அந்தப் பெயர் கென்யாவின் ஜோமோ கென்யாட்டாவுக்கு இருந்த பட்டப்பெயர். ராட்னியின் சொந்த ஊர் ஜமைக்காவின் வடகரையில் இருக்கும் செயின்ட் ஆன்ஸ் பே. 1887ல் மார்க்கஸ் கார்வி பிறந்ததும் அங்கேதான். ஊர்க்காரரைப் பற்றி ஊர்க்காரர் பாடுகிறார், அந்த உரிமை குரலில் கேட்கும்.

கார்வி 1914ல் கிங்ஸ்டனில் கறுப்பின மக்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார், பிறகு அமெரிக்கா போய் அதைப் பெரிய இயக்கமாக வளர்த்தார், 1919ல் கறுப்பர்களுக்கே சொந்தமான கப்பல் நிறுவனம் ஒன்றையும் ஆரம்பித்தார். அந்தக் கப்பல் பங்குகளை விற்றதில் தபால் மோசடி என்று வழக்குப் போட்டுச் சிறையில் அடைத்து, 1927ல் நாடு கடத்தியது அமெரிக்கா. 1940ல் லண்டனில் இறந்தார். உடல் ஜமைக்காவுக்கு வந்து சேர 1964 ஆகிவிட்டது. 2025 ஜனவரியில் பைடன் அவருக்கு 'மன்னிப்பு' வழங்கினார். யார் யாரை மன்னிப்பது? அந்தச் சொல்லே எனக்கு உறுத்துகிறது.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். கார்வி அப்போதே ஜமைக்காவின் தேசிய வீரர், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனாலும் "ஓல்ட் மார்க்கஸ் கார்வி" பாட்டில் ராட்னி, ஜமைக்காவின் மற்ற தலைவர்களில் போகிளைப் பேசுகிறார்கள், கார்டனைப் பேசுகிறார்கள், மேன்லியையும் புஸ்தமாந்தேயையும்கூடப் பேசுகிறார்கள், கார்வியை மட்டும் யாருக்கும் நினைவில்லை என்கிறார். கல்லறையும் பட்டமும் கொடுத்துவிட்டு அவர் சொன்னதை மறந்துவிட்டார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். முதல் பாட்டிலேயே கார்வி சொன்னது பலித்துவிட்டது, சாப்பாடு இல்லை, கையில் காசு இல்லை என்று பாடுகிறார், அப்போது ஜமைக்கா சுதந்திரம் அடைந்து பதிமூன்று வருடம்.

அப்புறம் "ஸ்லேவரி டேஸ்". அடிமை நாட்கள் நினைவிருக்கிறதா என்று கேட்கிறார், பின்குரல்கள் வாங்கிப் பாட, மறுபடி கேட்கிறார், விடாமல் கேட்கிறார். குரல் எங்கும் உயரவில்லை, கெட்ட வார்த்தை இல்லை, யாரையும் மிரட்டவில்லை. ஆனாலும் இதைவிடக் கலகக்காரப் பாட்டு நான் கேட்டதில்லை. ஜமைக்காவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு அடிமை முறையை ஒழித்தபோது நஷ்டஈடாக ஒதுக்கிய 2 கோடி பவுண்டும் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்குத்தான் போனது. விடுதலை ஆனவர்களுக்கு ஒரு காசு இல்லை, 'பயிற்சிக்காலம்' என்று சொல்லி 1838 வரை அதே தோட்டங்களில் சம்பளமில்லாமல் வேலை வாங்கினார்கள். இப்படி ஒரு கணக்கு முடித்தவர்களுக்கு, அதை யாரும் நினைவில் வைத்திருக்காமல் இருப்பதுதானே வசதி? அந்த வசதியைத்தான் ராட்னி கெடுக்கிறார்.

இசை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பேஸ் கிட்டாரில் ராபி ஷேக்ஸ்பியரும் ஆஸ்டன் பாரெட்டும், டிரம்ஸில் ஹார்ஸ்மவுத் வாலஸ், மேலே டிரம்பெட், டிராம்போன் எல்லாம் சேர்ந்து ஒரு ஊர்வலம் மெதுவாக நம் தெருவுக்குள் நுழைவது போல வரும். தயாரித்தவர் ஓச்சோ ரியோஸ்காரர் ஜாக் ரூபி. தலைப்புப் பாட்டைத் தன் சவுண்ட் சிஸ்டத்தில், அதாவது தெருவில் பெரிய ஸ்பீக்கர் வைத்து ஜனங்களை ஆடவைக்கும் செட்டில், மட்டும் போடத்தான் பதிவு செய்தார், ஜனங்கள் விடவில்லை, இசைத்தட்டாக வெளியிட வேண்டியதாயிற்று.

எனக்குக் கோபம் வருவது இதற்கப்புறம் நடந்ததில். ஆல்பத்தை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன ஐலண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம், வெள்ளைக்காரர்களின் காதுக்குப் பிடிக்கட்டும் என்று சில பாடல்களின் வேகத்தையும் ஒலிக்கலவையையும் மாற்றியது. மறதியை எதிர்த்துப் பாடியவரின் பாட்டையே யாருக்கும் உறுத்தாதபடி இழைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ராட்னிக்கு அது பிடிக்கவில்லை, தன் சொந்த இசைத்தட்டு லேபிளைத் தொடங்கினார். அப்படி மாற்றிய வடிவத்திலும் அந்தக் குரலின் கனம் குறையவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் இரண்டாவது பாட்டான "ஸ்லேவரி டேஸ்"-இல் தொடங்குங்கள். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், போன் ஸ்பீக்கரில் அந்த பேஸ் கேட்காது.