ஏர் ஹாரனைக் கழற்றினால் மட்டும் போதாது, டைமிங்கையும் பாருங்கள்

வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தச் செய்தி வந்துவிடும். பேருந்து நிலையத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர்கள் திடீர் சோதனை, தனியார் பேருந்துகளில் ஏர் ஹாரன் (காற்றழுத்தத்தில் அலறுகிற குழல் ஹாரன்) பறிமுதல், அபராதம். கழற்றிய குழல்களைத் தரையில் அடுக்கி ஒரு படமும் இருக்கும். அடுத்த மாதமே அதே சாலையில் அதே சத்தம் கேட்கும்.

கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கோ சத்தியமங்கலத்துக்கோ டூவீலரில் போகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கண்ணாடியில் பார்க்கும்போது தூரத்தில் இருக்கும் பேருந்து, அடுத்த நொடி முதுகுக்குப் பின்னால் வந்து ஏர் ஹாரனை ஒரு அடி அடிக்கும். உடம்பு தூக்கிப் போடும், கை தானாக ஹேண்டில்பாரை இழுக்கும். பின்னால் மனைவி, மடியில் குழந்தை என்றால் சொல்லவே வேண்டாம். ஒதுங்கலாம் என்றால் இடது பக்கம் தார் முடிந்து மண் பள்ளம். ஆபத்தைத் தடுக்க வைத்த கருவியே ஆளைக் கீழே தள்ளப் பார்க்கிறது. இதை வெறும் இரைச்சல் என்று பேசி முடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 119 தெளிவாகச் சொல்கிறது: பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனோ, அளவு மீறி அலறுகிற, திடுக்கிட வைக்கிற எந்த ஒலிக் கருவியோ வண்டியில் இருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் துறை போன்ற சில வாகனங்களுக்கு மட்டும், பணி நேரத்தில், அனுமதி பெற்ற சைரனுக்கு விலக்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194எஃப் பிரிவின்படி தேவையில்லாமல் ஹாரன் அடித்தால், விடாமல் அடித்தால், தடை செய்த இடத்தில் அடித்தால் 1,000 ரூபாய், மறுபடியும் மாட்டினால் 2,000 ரூபாய். ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க ஒலி மாசு விதிகளில் இடம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவசரம் தவிர ஹாரனே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கம்பெனியிலிருந்து பேருந்தோடு வரும் ஹாரனே 7 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 93 முதல் 112 டெசிபல் வரை கொடுக்கும். இது சின்னச் சத்தம் இல்லை. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. இதற்கும் மேலே ஒரு ஏர் ஹாரன் எதற்கு? திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடிக்காமல் ஏறக் கூடாது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்த வேலைக்குச் சாதாரண ஹாரன் தாராளமாகப் போதும். அப்புறம், எல்லாப் பேருந்தும் சைரன் மாதிரி ஊளையிட ஆரம்பித்தால் நிஜமாகவே 108 வரும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சைரன் காதில் தனியாகக் கேட்டால்தானே வழி விட முடியும்.

சரி, சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நிற்கவில்லை?

ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டப் போகும்போது ஏர் ஹாரனைக் கழற்றி வைப்பார்கள், சான்றிதழ் கைக்கு வந்ததும் மாட்டிவிடுவார்கள். ஏர் பிரேக்குக்கான காற்று வண்டியிலேயே இருப்பதால் அதிலிருந்து ஒரு குழாய் இழுத்தால் வேலை முடிந்தது. பிரேக்குக்கு வேண்டிய காற்றை ஹாரனுக்குப் பிரித்துக் கொடுப்பது எவ்வளவு மோசமான காரியம் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். அப்படியும் உதிரிபாகக் கடையில் கேட்டவுடன் கிடைக்கிறது. விற்கிறவரிடம் யாரும் போய்க் கேட்பதில்லை.

ஆனால் முக்கியக் காரணம் டைமிங், அதாவது ஒவ்வொரு டிரிப்புக்கும் குறித்துக் கொடுத்த நேரம். டவுனுக்குள் முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் நடுவே சில நிமிடம்தான். ஒரு சிக்னலில் மாட்டினால் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் கூட்டம் பின்வண்டிக்குப் போய்விடும். பேருந்து நிலையத்துக்குத் தாமதமாக உள்ளே வந்தால் டைம் கீப்பரிடம் சண்டை, அடுத்த டிரிப்புக்கான நேரம் போச்சு. ஓட்டுநர், நடத்துநர் இருவருக்கும் பேட்டா கலெக்‌ஷனை வைத்து. எனக்குத் தெரிந்த ஒரு ஓட்டுநரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “அண்ணா, ஹாரன் அடிக்கலைன்னா பின்வண்டிக்காரன் முந்திடுவான், நான் முதலாளிகிட்ட என்ன பதில் சொல்றது?” என்றார். அவர் செய்வது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வண்டிகள் பெருகி, சாலை அடைத்து, ஊருக்கு ஊர் வேகத்தடை வந்த பிறகும் ஓட்ட நேரம் மட்டும் பழையபடியே இருந்தால், அந்தக் குறையை ஓட்டுநர் ஹாரனால்தான் ஈடுகட்டப் பார்ப்பார். அபராதம் கட்டுவதும் அவர்தான், காது கெடுவதும் அவருக்குத்தான்.

ஹாரனைக் குறைப்பது நடக்காத காரியம் என்று சிலர் சொல்வார்கள். காத்மாண்டுவில் 2017 ஏப்ரலில், நேபாளப் புத்தாண்டு அன்று, தேவையில்லாத ஹாரனுக்குத் தடை போட்டார்கள். நம் ஊரை விடக் குறுகலான சாலைகள், அதே மாதிரி பஸ், பைக் நெரிசல். அங்கேயும் பேருந்துகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

பெர்மிட்டும் டைமிங்கும் தருகிற வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு நம் மாநிலத்தில் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அதனால் அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயத்தையும் ஒன்றாக எடுங்கள் என்று கேட்கிறேன். ஒவ்வொரு வழித்தடத்திலும் இன்றைய நெரிசலில் ஒரு பேருந்து விதிப்படி ஓடினால் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்து, டைமிங்கை மாற்றுங்கள். அதன் பிறகும் ஏர் ஹாரன் மாட்டியிருந்தால் ஓட்டுநரை விட்டுவிட்டு பெர்மிட் வைத்திருப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இந்த வழித்தடங்களில் தினமும் போகிறவர்கள் உங்கள் ஊர், வழித்தடம், நேரம் எழுதிக் கமெண்டில் போடுங்கள். மனுவாக எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறேன்.