ஆக்டேவியா பட்லரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிடாதீர்கள்

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஆல்டடீனா என்ற ஊர் காட்டுத்தீயில் எரிந்தபோது, அமெரிக்கக் கறுப்பின அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் ஒரு நாவல் திடீரென்று எல்லோர் கையிலும் வந்தது. 1993இல் வெளியான ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’. பதினைந்து வயதுப் பெண்ணின் நாட்குறிப்பாக 2024 ஜூலையில் தொடங்கும் கதை. மழை இல்லை, தண்ணீருக்குக் காசு, மதில் கட்டிக்கொண்டு உள்ளே வாழும் தெருக்கள். 2025 பிப்ரவரி 1 என்று தேதியிட்ட குறிப்பில் தீ விபத்து ஒன்று வருகிறது. பட்லரை அடக்கம் செய்த இடமும் அதே ஆல்டடீனாதான். போதாதா? ‘அன்றே சொன்னார்’ வரிசையில் அவரையும் சேர்த்துவிட்டார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாராட்டுகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அந்த மனுஷி பட்ட பாட்டையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிடுகிற பாராட்டு இது.

இதன் தொடர்ச்சியாக 1998இல் வந்த ‘பேரபிள் ஆஃப் தி டேலன்ட்ஸ்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவை மீண்டும் மகத்தானதாக்குவோம் என்று முழங்கும் மதவெறி அரசியல்வாதி ஒருவன் அதில் ஜனாதிபதி ஆகிறான். பார்த்தீர்களா, டிரம்பை அப்போதே கண்டுபிடித்துவிட்டார் என்கிறார்கள். 1980 தேர்தலில் ரீகன் இதே கோஷத்தைத்தான் வைத்தார். பட்லர் அதைக் காதால் கேட்டவர், மறக்காமல் வைத்திருந்தார். அவ்வளவுதான் ஜோசியம்.

இதையே அவர் 2000இல் ஒரு கட்டுரையில் வெளிப்படையாகச் சொன்னார்: பிரச்சினைகளை நான் உண்டாக்கவில்லை, இப்போது நாம் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பவற்றை எடுத்து, பேரழிவாக வளர ஒரு முப்பது வருடம் கொடுத்தேன், அவ்வளவுதான் என்ற பொருளில். செய்தித்தாள்களை வெட்டி வெட்டிச் சேர்த்தவர் அவர். குறிப்பேடுகளும் கடிதங்களும் அந்த நறுக்குகளுமாகப் பெட்டி பெட்டியாக இன்று கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன.

எங்கிருந்து வந்தவர் என்பதையும் பாருங்கள். 1947இல் பாசடீனாவில் பிறந்தார். அப்பா ஷூ பாலிஷ் போடுகிறவர், சீக்கிரமே போய்விட்டார். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர். அந்த வீடுகளில் வேண்டாம் என்று ஒதுக்கிய புத்தகங்களை மகளுக்காகக் கொண்டுவருவார். மகளுக்கோ டிஸ்லெக்ஸியா. வாசிப்பதே போராட்டம், அதோடு கூச்ச சுபாவம், வயதுக்கு மீறிய உயரம் வேறு. பத்து வயதில் அடம்பிடித்து டைப்ரைட்டர் வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு வயதில் ‘டெவில் கேர்ள் ஃப்ரம் மார்ஸ்’ என்ற படுமோசமான படத்தை டிவியில் பார்த்துவிட்டு, இதைவிட நான் நன்றாக எழுதுவேன் என்று உட்கார்ந்தார். கறுப்பர்கள் எழுத்தாளர் ஆக முடியாதம்மா என்று அத்தனை அன்போடு சொன்ன அத்தையும் உண்டு.

1970இல் பென்சில்வேனியாவில் அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களுக்காக நடந்த கிளேரியன் பயிற்சிப் பட்டறைக்குப் போனார். இரண்டு கதைகள் விலைபோயின. ஆரம்பமே அமர்க்களம் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். அதற்கப்புறம் ஐந்து வருடம் ஒரு கதைகூட விற்கவில்லை. பாத்திரம் கழுவினார், போனில் பொருள் விற்றார், கிடங்கில் வேலை செய்தார், உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆலையில் சரக்கைத் தரம் பார்த்தார். இதெல்லாம் பகலில். எழுத்து விடியற்காலை இரண்டு மணிக்கு. முதல் நாவல் ‘பேட்டர்ன்மாஸ்டர்’ 1976இல்தான் வந்தது.

‘கிண்ட்ரெட்’ நாவலை எழுதும்போது, அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பண்ணைகள் எப்படி இருந்தன என்று பார்க்க கலிபோர்னியாவிலிருந்து மேரிலாந்துக்கு பஸ்ஸில் போனார். அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை! அந்தச் செலவுக்காக ‘சர்வைவர்’ என்ற நாவலை முழுசாகத் திருத்தாமலே விற்றார். பிறகு அதைப் பிடிக்காமல் போய், கடைசிவரை மறுபதிப்புக்குச் சம்மதிக்கவே இல்லை. இந்தப் பிடிவாதத்துக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

1984, 85இல் அறிவியல் புனைகதைக்கான பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா. 1995இல் படைப்பாற்றல் மிக்கவர்களுக்குத் தரும் மெக்ஆர்தர் நல்கை, 2,95,000 டாலர். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. தன் புத்தகங்கள் அதிகம் விற்பவை பட்டியலில் வரும் என்று 1988இல் ஒரு குறிப்பேட்டில் தனக்குத்தானே எழுதிவைத்திருந்தார். 2006இல், 58 வயதில் இறந்தார். ‘சோவர்’ நியூயார்க் டைம்ஸ் பட்டியலுக்கு வந்தது 2020இல். 2021இல் நாசா, செவ்வாயில் தன் பெர்சிவரன்ஸ் ஆய்வு வண்டி இறங்கிய இடத்துக்கு அவர் பெயரை வைத்தது. அந்த ‘டெவில் கேர்ள்’ படத்துக்கு இதைவிட நல்ல பதிலடி கிடையாது.

இன்னொன்று. ‘பேரபிள்’ வரிசையில் மூன்றாவது நாவல் எழுத வருடக்கணக்கில் முட்டி மோதினார். தொடங்குவார், நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் அதை விட்டுவிட்டு, ரத்தக்காட்டேரி கதையான ‘ஃப்ளெட்ஜ்லிங்’ எழுதினார். வருவது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகிறவர் இப்படியா திண்டாடுவார்?

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கப் போகிறீர்கள். செய்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஆசையில் ‘சோவர்’ பக்கம் போகாதீர்கள், அது பிறகு. முதலில் ‘கிண்ட்ரெட்’. 1976இல் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி 19ஆம் நூற்றாண்டின் அடிமைப் பண்ணைக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பையனை அவள் காப்பாற்றியாக வேண்டும், ஏனென்றால் அவன் அவளுடைய மூதாதை. கால இயந்திரம் கிடையாது, விளக்கமும் கிடையாது. அவள் ஒரு கையை இழக்கப் போகிறாள் என்பது எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடும், ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது.

அப்புறம் ‘பிளட்சைல்ட்’ சிறுகதை. மனித உடலுக்குள் புழுவாக வளரும் ஒரு ஈ உண்டு, தென் அமெரிக்கக் காடுகளுக்குப் போவதற்கு முன் பட்லருக்கு அதை நினைத்தாலே உதறல். அந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்ள எழுதியதுதான் இது: வேற்றுக்கிரக உயிரின் முட்டைகளை ஒரு பையன் தன் உடலில் சுமக்கிற கதை. அடிமைத்தனத்தைப் பற்றிய கதை என்று விமர்சகர்கள் எழுதியபோது, இல்லை, இது காதல் கதை என்றார். எனக்கு இன்றுவரை இரண்டுமாகத்தான் படுகிறது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.