ரிவ்யூவில் மார்க் எங்கே என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் சில்க்சாங் என்ற கேம் பற்றி நான் போட்ட ரிவ்யூ பதிவுக்கு என்ன நடந்தது என்று இங்கே பெரும்பாலானோருக்குத் தெரியும். ஒரு தம்பி அதில் ஒரே ஒரு வரியை வெட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே "இவரையெல்லாம் யாருங்க ரிவ்யூ எழுதச் சொன்னது" என்று போட்டு மூன்று கேமிங் குழுக்களில் பகிர்ந்துவிட்டார். நான் எழுதியது ஏறக்குறைய இரண்டாயிரம் சொற்கள். சுற்றிக்கொண்டிருப்பது ஏழு சொற்கள்: "இந்த இடத்தில் எனக்கு இந்த கேமே வெறுத்துப் போனது."

கோபம் வந்தது உண்மை. ஆனால் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை விட இன்னொரு கமென்ட்தான் உள்ளே உறுத்திக்கொண்டிருக்கிறது. "நல்லா எழுதியிருக்கீங்க அண்ணா, ஆனா கடைசில பத்துக்கு எவ்வளவுன்னு போடலையே?" எழுதியவருக்கு என் மேல் எந்த விரோதமும் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். அதற்கு நூற்றுக்கும் மேல் லைக். அதாவது அத்தனை பேருக்கும் அந்த இரண்டாயிரம் சொற்கள் ஒரு எண்ணுக்கு முன்னால் வரும் காத்திருப்பு, அவ்வளவுதான்.

நான் மார்க் போடுவதில்லை. இனியும் போட மாட்டேன். ஒரு கேமோடு ஒரு மனிதன் இத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தான், எங்கே சிரித்தான், எங்கே கன்ட்ரோலரைக் கீழே வைத்தான், ஏன் மறுபடி எடுத்தான் என்று சொல்வதுதான் ரிவ்யூ. அதை 8.5 என்று மாற்றினால் அந்த மனிதன் காணாமல் போய்விடுகிறான்.

சில்க்சாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நாம் ஆடும் பாத்திரமான ஹார்னெட்டுக்கு ஆரம்பத்தில் ஐந்து உயிர் முகமூடிகள். ஆனால் பெரிய எதிரிகள் பலரும், தரையில் இருக்கும் சில பொறிகளும்கூட, ஒரு அடிக்கு இரண்டைப் பிடுங்கிவிடும். அப்படியானால் கணக்குக்கு ஐந்து, நடைமுறையில் மூன்று அடிதான். பதிலுக்கு, எதிரிகளை அடித்து அடித்து நூல் சேர்த்து வைத்திருந்தால் ஒரே மூச்சில் மூன்று முகமூடிகளை மீட்டுக்கொள்ளலாம். எனவே ஒவ்வொரு சண்டையிலும் "இப்போது அடிப்பதா, காயத்தைக் கட்டுவதா" என்ற முடிவு ஒவ்வொரு நொடியும் வரும். இது ஒருவருக்கு அமிர்தம், இன்னொருவருக்குத் தலைவலி. அப்புறம் அந்த லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸ், அதாவது பெரிய எதிரி. பாஸ் கடினம் என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. செத்த பிறகு, மறுபடி உயிர் பெறும் இடமான பெஞ்சிலிருந்து எழுந்து, தாவித் தாவி, வழியில் இருப்பவர்களிடமும் அடி வாங்கி, பாதி உயிரோடு வாசலில் போய் நிற்கிறோமே, அந்த நடை. அதைப் பற்றித்தான் நான்கு பத்தி எழுதினேன். அந்த நடை ஏன் சிலருக்குத் தேவைப்படும், அந்த நேரத்தில் கை அடங்கி மூளை எப்படி யோசிக்க ஆரம்பிக்கும், எனக்கு மட்டும் ஏன் அது எரிச்சலாக மாறியது என்று. அதைப் படித்தவர் "ஓ, எனக்கு அந்த நடை பிடிக்கும், அப்போ இது என் கேம்" என்று போய் வாங்கலாம். என் எரிச்சலே அவருக்கு வழிகாட்டி. 7 என்று போட்டிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்?

இதே கேமில் இன்னொன்றும் நடந்தது. 2025 செப்டம்பர் 4 அன்று வெளியானபோது கேம் விற்கும் ஸ்டீம் தளமே சற்று நேரம் திணறியது, ஒரே நேரத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள். அதே நாட்களில் சீன மொழியில் எழுதப்பட்ட ரிவ்யூக்களில் பெரும்பகுதி கட்டைவிரல் கீழே, அதாவது பிடிக்கவில்லை. காரணம் பாஸும் இல்லை, நடையும் இல்லை. மொழிபெயர்ப்பு. எளிய வசனங்களைக்கூடப் பழங்காலச் செய்யுள் நடையில் போட்டு இயல்பே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் வருத்தம். நியாயமான வருத்தம், தயாரித்தவர்களும் சரிசெய்வதாகச் சொன்னார்கள். ஆனால் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியுமா? மொழிபெயர்ப்புக்குக் காட்டிய கட்டைவிரலும் சண்டைக்குக் காட்டிய கட்டைவிரலும் அங்கே ஒன்றுதான். படித்தால் மட்டும்தான் தெரியும்.

எண் ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்கள் ஃபால்அவுட்: நியூ வேகாஸ் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2010. அப்சிடியன் செய்து கொடுத்தது, பெதஸ்டா வெளியிட்டது. ரிவ்யூ மார்க்குகளைச் சேர்த்துச் சராசரி காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் இல்லை. ஒரே ஒரு புள்ளி! வெளியான நேரத்தில் அந்த கேம் பக், அதாவது நிரல் பிழைகள், நிறைந்துதான் இருந்தது, ரிவ்யூக்கள் அதைச் சொன்னது சரிதான். ஆனால் எழுத்தில் எத்தனை பேர் "கதையும் தேர்வுகளும் அபாரம், ஆனால் அடிக்கடி நின்றுபோகிறது" என்று சொல்லியிருப்பார்கள். அந்த "ஆனால்" எதுவும் சராசரிக்குள் போகாது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்தும் மக்கள் அதைத் தேடித் தேடி விளையாடுகிறார்கள். அந்த ஒரு புள்ளியை எந்த ரிவ்யூ குறைத்தது என்று யாராலாவது சொல்ல முடியுமா? அதை எழுதியவருக்கே தெரிந்திருக்காது.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வெளியானது 2020 ஜூன் 19. முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நாளே, சில மணி நேரத்துக்குள், மெட்டாக்ரிட்டிக்கில் பயனர்கள் போட்ட ஆயிரக்கணக்கான பூஜ்யங்கள். பாதியாவது விளையாடி முடித்திருக்க வாய்ப்பே இல்லாத நேரத்தில். அதற்குப் பிறகுதான் மெட்டாக்ரிட்டிக் புது கேம்களுக்குப் பயனர் ரிவ்யூ போட 36 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. பூஜ்யம் போட விளையாட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றால் விளையாடித்தான் ஆக வேண்டும்.

சரி, இப்போது வழக்கமான கேள்விக்கு வருகிறேன். "எவ்வளவு வாங்கினீங்க?"

டெத் ஸ்ட்ராண்டிங் 2 எனக்குப் பிடித்திருந்தது என்று எழுதியபோது இதைக் கேட்டவர்கள் பதினோரு பேர். எண்ணினேன். வலித்தது, அதனால் எண்ணினேன். நான் யாரிடமும் கேமைத் திறக்கும் ஒரு இலவசக் கீ கூட வாங்கியதில்லை. வேலை முடித்து வந்து, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு விளையாடி, அதற்கு மேலும் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு எழுதுகிறேன். ரிவ்யூ உலகில் அழுக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. 2007-இல் கேம்ஸ்பாட் என்ற ரிவ்யூ தளத்தில் எழுதிய ஜெஃப் கெர்ஸ்ட்மன் 'கேன் அண்ட் லிஞ்ச்' கேமுக்கு 6 போட்டார், அதே நேரம் தளம் முழுக்க அந்த கேமின் விளம்பரம், கொஞ்ச நாளில் அவர் வேலை போனது. விளம்பரதாரர் அழுத்தம்தான் காரணம் என்று 2012-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். நடந்ததுதான். ஆனால் கவனியுங்கள், உண்மையாக எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒரு ரிவ்யூ எழுதுபவர். அந்தச் சம்பவத்தைக் காட்டியே இன்று எங்கள் எல்லோரையும் விலைபோனவர்கள் என்கிறீர்கள்.

சைபர்பங்க் 2077-ஐயும் கொண்டுவருவார்கள். கொண்டுவரட்டும், அது என் பக்கம்தான் பேசும். 2020 டிசம்பரில் வெளியாவதற்கு முன் ரிவ்யூவுக்குக் கொடுத்தது பிசி வடிவம் மட்டும். சொந்தமாகப் பதிவுசெய்த காட்சியைக்கூடக் காட்ட அனுமதி இல்லை. மார்க் எல்லாம் 90-ஐ ஒட்டி வந்தது. வெளியான பிறகு பழைய கன்சோல்களில் அது எந்த நிலையில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, திரும்பி வர அடுத்த ஜூன் ஆனது. எல்லோரும் "ரிவ்யூ ஏமாற்றிவிட்டது" என்றார்கள். ஆனால் பல ரிவ்யூக்களில் தெளிவாக எழுதியிருந்தது: பிசியில் மட்டுமே விளையாடினேன், கன்சோல் வடிவம் எங்களுக்குத் தரப்படவில்லை, பக் நிறைய இருக்கிறது. எழுத்து எச்சரித்தது. ஏமாற்றியது எண். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுதியவனைத் திட்டினோம்.

"எங்களுக்கு அவ்வளவு படிக்க நேரமில்லை, வாங்கலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க" என்பவர்களுக்கு என் பதில் சின்னது. அறுபது மணி நேரம் விளையாடப் போகிற ஒன்றுக்குப் பத்து நிமிடம் படிக்கலாம்.

"ஆட வராதவன் பாஸைக் குறை சொல்லுவான்" என்பவர்களுக்கு: லாஸ்ட் ஜட்ஜை நான் முடித்தேன். கேமையும் முடித்தேன். முடிக்காமல் இருந்திருந்தாலும் எழுத எனக்கு உரிமை உண்டு, எங்கே நின்றேன், ஏன் நின்றேன் என்று சொல்லிவிட்டால் போதும்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "மூணு பேர் சேர்ந்து ஏழு வருஷமா செஞ்சது, அவங்களைப் போய்க் குறை சொல்றீங்களே. பெரிய கம்பெனியைக் கேளுங்க." இதைச் சொல்பவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. பெரிய ஸ்டுடியோவுக்கு என் பதிவு ஒரு தூசி, சின்னக் குழுவுக்கு அப்படி இல்லை. ஆனால் சில்க்சாங்கைச் செய்த அந்த டீம் செர்ரி என்ன செய்தார்கள்? வெளியான சில நாட்களிலேயே முதல் பேட்சை, அதாவது திருத்தத்தை, அறிவித்து மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற இரண்டு பாஸ்களின் கடுமையையும் கொஞ்சம் குறைத்தார்கள். மக்கள் எங்கே திணறுகிறார்கள் என்று கேட்டுத்தானே அதைச் செய்திருப்பார்கள். அவர்களுக்கு இல்லாத கோபம் உங்களுக்கு ஏன்?

என் நண்பன் ஒருவன் தனியாக ஒரு கேம் செய்தான். மூன்று வருடம். வரைந்தது, இசை, புரோகிராமிங் எல்லாம் அவனே. ஸ்டீமில் போட்ட முதல் வாரம் வந்த முதல் ரிவ்யூ, கட்டைவிரல் கீழே, ஒரே சொல்: "போரடிக்குது." ஸ்டீமில் பத்து ரிவ்யூ சேரும் வரை மொத்த மதிப்பீடே காட்டாது. அந்தப் பத்துக்காக அவன் தினமும் காலையில் எழுந்ததும் பக்கத்தைத் திறந்து பார்ப்பான், நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு நான் மார்க் போடவில்லை. இரண்டாவது லெவலில் தண்ணீர் ஏறும்போது இசை நின்றுவிடுவது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதினேன். தாவும்போது பட்டனை அழுத்திய பிறகு ஒரு கணம் தாமதம் இருக்கிறது, அதனால் மூன்று இடங்களில் அநியாயமாகச் செத்தேன் என்றும் எழுதினேன். நண்பன் என்பதற்காக அதை மறைக்கவில்லை. அவன் ராத்திரி ஒரு மணிக்குப் போன் செய்தான். தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதை அடுத்த வாரமே சரிசெய்துவிட்டான். அவன் கேட்டது, "அந்த இசை நிக்கறதை நீ கவனிச்சியா?" என்று மட்டும்தான். மூன்று வருடத்தில் முதல் முறையாக யாரோ ஒருவர் அதைக் கவனித்திருக்கிறார். அவன் குரல் உடைந்துபோனது.

இதை எத்தனை மார்க்காகப் போடச் சொல்கிறீர்கள்?

நல்ல ரிவ்யூ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் ஹை-ஃபை ரஷ் வந்தது, எழுதியவர்களும் கொண்டாடினார்கள், விளையாடியவர்களும் கொண்டாடினார்கள், விருதும் வாங்கியது. அடுத்த வருடம் மே மாதம் அதைச் செய்த டேங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பிறகு கிராஃப்டன் நிறுவனம் எடுத்துக்கொண்டதால் அந்தக் குழு பிழைத்தது. அந்த மூடல் செய்தி வந்த இரவு நான் அந்த கேமுக்கு எழுதிய பழைய பதிவைத் திறந்து படித்தேன். என் எழுத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் அதில் அந்த கேம் உயிரோடு இருந்தது, தாளத்துக்கு ஏற்றபடி தெருவிளக்குகூட ஆடும் அந்த உலகம், முதல் பாஸை அடித்தபோது என் கால் தானாகத் தாளம் போட்டது, எல்லாம். அப்போது அதற்கு 9 என்று மட்டும் போட்டிருந்தால் அந்த இரவில் படிக்க எனக்கு என்ன இருந்திருக்கும்.

இரண்டு வருடம் என்னிடம் எந்த கேமையும் ஓட்டக்கூடிய கணினி இல்லை. இங்கே சிலருக்கு மட்டும் தெரியும். அந்த இரண்டு வருடமும் நான் விளையாடியது ரிவ்யூக்களில்தான். எல்லையில் வருபவர்களின் காகிதங்களைச் சரிபார்க்கும் பேப்பர்ஸ், ப்ளீஸ் கேமை நான் தொடுவதற்கு முன்பே அந்த எல்லைச் சாவடியில் உட்கார்ந்து, சற்று முன் உள்ளே விட்ட ஒருவரின் மனைவியிடம் ஒரு காகிதம் குறைவதைப் பார்த்துக் கை நடுங்கியிருக்கிறேன், யாரோ ஒருவர் எழுதியதைப் படித்து. அவர் எத்தனை மார்க் போட்டார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவர் பெயர்கூட மறந்துவிட்டது. அந்தக் காகிதம் மறக்கவில்லை. நான் எழுத ஆரம்பித்ததே அதனால்தான், எங்கேயோ ஒருவர் என் பதிவில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பில்தான். அவரிடம் போய் யாராவது ஏழு சொற்களைக் கொடுத்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

அந்த ஸ்கிரீன்ஷாட் எடுத்த தம்பி, உங்களை நான் பிளாக் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். நீங்கள் வெட்டிய வரிக்கு அடுத்த வரியை மட்டும் இங்கே போடுகிறேன், அந்த மூன்று குழுக்களிலும் இதையும் போடுங்கள்:

"மறுநாள் விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் நான் போய் உட்கார்ந்தது அதே பெஞ்சில்தான், அந்த நடையின் ஒவ்வொரு தாவலும் அதற்குள் கைக்குப் பழகியிருந்தது, ஒருமுறைகூட அடிபடாமல் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே போகாமல் சற்று நேரம் அங்கேயே நின்றேன்."